ஒரகடம் சாலையில் கிளை தொடங்கப் போனேன்

பொள்ளாச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் வேகத்தடை போட வைத்தவள் என்ற பெருமையோடுதான் ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அந்தப் பெருமை அப்போது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

நான் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். அது போக மிஞ்சிய நேரமெல்லாம் எங்கள் இருசக்கரக் குழுவுக்கு. பைக்கும் ஸ்கூட்டரும் ஓட்டுகிறவர்கள் சேர்ந்து நடத்தும் குழு. எரியாத தெருவிளக்கு, மூடாத சாக்கடை, வளைவில் கிடக்கும் ஜல்லி என்று எதையாவது எழுதிக்கொண்டு போய் அதிகாரிகள் முன்னால் நிற்போம். திருப்பி அனுப்பினால் மறுபடியும் போய் நிற்போம். பொள்ளாச்சிக் கிளையை ஆறு பேரோடு ஆரம்பித்து அறுபது பேராக்கியிருந்தேன். அதனால்தான் கோவையிலிருக்கும் எங்கள் செயலாளர் பாலு அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சாந்தி, ஒரகடம் பக்கம் நம்முளுக்கு ஒரு கிளைகூட இல்லீங். அத்தன கம்பெனி, அத்தன பேரு பைக்குல போற ஊரு. பத்து நாள் போயிட்டு வாங்க. இருங்காட்டுக்கோட்டை, வல்லக்கோட்டை, ஒரகடம், மூணு இடத்துல போட்டுட்டீங்கன்னா போதும்."

மார்கழி முடிய இரண்டு வாரம் இருந்தது. மருத்துவர் விடுப்புக் கொடுத்தார். கிளம்பிவிட்டேன்.

தங்க இடம் கொடுத்தவள் மாரிச்செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. எங்கள் குழுவின் இணையப் பக்கத்தில் போன மாதம் அந்த ஊர்ச் சாலையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தாள். அந்தப் பகுதியில் எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

காண்ட்ராக்டர் எடுத்துக் கொடுத்த அவள் அறை இருங்காட்டுக்கோட்டையில், மூன்றாவது மாடியில். ஐந்து பெண்கள். ஆனால் ஐந்து பேரையும் ஒன்றாகப் பார்க்கவே முடியவில்லை. ஒருத்தி எழுந்து போனதும் இன்னொருத்தி வந்து அதே பாயில் படுத்தாள். நானும் யார் பாய் சூடாகக் காலியாகிறதோ அதில் படுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் புதிதாக ஒருவர் வந்தால், "எந்த ஊருங்க, யாரு வூட்டுப் புள்ளைங்க" என்று ஆரம்பித்துக் கடைசியில் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே அறைக்கு வந்த பெண்களெல்லாம் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அக்கா, நீங்க எந்த காண்ட்ராக்ட்?"

காலையில் கீழே தள்ளுவண்டியில் இட்லிக்கு வடகறி ஊற்றிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் அப்படியொரு குழம்பு கிடையாது. முதல் நாள் சந்தேகமாகச் சாப்பிட்டேன். அப்புறம் ஊருக்குக் கிளம்பும்வரை அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. இந்தப் பயணத்தில் எனக்கு முழுசாகக் கிடைத்தது அந்த வடகறி ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

இரண்டாம் நாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் துண்டறிக்கையோடு நின்றேன். வெளியே வந்தவர்கள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். உள்ளே போனவர்கள் நேரமாகிவிடுமென்று ஓடினார்கள். ஓடுகிறவர்களிடம் எதைப் பற்றிப் பேசுவது? கால்மணி நேரத்தில் என் துண்டறிக்கைகள் தரையெங்கும் கிடந்தன. பெரியவர் ஒருவர், வாசல் காவலாளி, அவற்றில் ஒன்றைக் குனிந்து எடுத்துப் படித்தார்.

"இன்னாம்மா, யூனியனா?"

"இல்லீங்க, இது பைக் ஓட்டறவங்க சங்கமுங்க."

"சங்கம்னு சொல்லாதம்மா. அந்தப் பேர கேட்டாலே பசங்க பயந்துகினு ஓடுவானுங்கோ. உன்னோட நின்னு பேசுனவன சூப்பர்வைசர் பாத்தான்னு வெய்யி, அவனுக்கு நாளைக்கு வேல கீதோ இல்லியோ. நீ பாட்டுக்கு ஊருக்குப் பூடுவ."

அவர் துண்டறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் சங்கம் என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. பாலு அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் பழைய பைக் ஒன்றை இரவல் கொடுத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனேன். புது வண்டி வாங்கியவர்கள் பூஜை போட அங்கே வருவார்கள், பைக்காரர்களை ஒரே இடத்தில் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். மாலை போட்ட புது பைக்குகள் வரிசையாக நின்றன. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பெண்டாட்டி, பிள்ளை, மாமியார் எல்லோரும் சூழ்ந்து நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு குடும்பமாகப் போய் இருட்டில் நிற்கும் லாரிகளைப் பற்றியும் விபத்தைப் பற்றியும் பேசினேன். புது வண்டி எடுத்த நாளில் கோயில் வாசலில் நின்று இதைப் பேசலாமா என்று எனக்கே உறைக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. ஒரு மாமியார் வாய்விட்டே சொல்லிவிட்டார்: "நல்ல நாளும் அதுவுமா இன்னாத்துக்குமா இந்தப் பேச்சு? முருகன் பாத்துக்குவான், போ."

அங்கிருந்து ஒரகடம் போகும் வழியில் கிளட்ச் ஒயர் அறுந்தது. இடப்பக்கம் வரிசையாக நிறுத்தியிருந்த டிரெய்லர்கள், வலப்பக்கம் காற்றை அறைந்துகொண்டு போகும் லாரிகள், நடுவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நான். ஹாரன் அடிக்கும்போதெல்லாம் உடம்பு தானாக ஒடுங்கியது. எங்கள் ஊர்ச் சாலையில் வண்டி நின்றுபோனால் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு யாருக்காவது போன் போடலாம். இந்தச் சாலையில் நிழலென்றால் நிற்கும் லாரியின் நிழல்தான்.

டிரெய்லர் வரிசையின் முடிவில் ஒரு டீக்கடை. கடைக்காரர் வெளியே வந்து ஒன்றும் கேட்காமல் வண்டியை என் கையிலிருந்து வாங்கி ஸ்டாண்டு போட்டார். பெயர் ஏகாம்பரம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வல்லக்கோட்டைக்காரர். டீயை என் கையில் கொடுத்துவிட்டுத் தானே ஒயர் வாங்கி வந்து மாட்டிவிட்டார். அதற்குள் அவர் மனைவி எனக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுவிட்டார். இவர்தான் எங்கள் வல்லக்கோட்டைக் கிளையின் தலைவர் என்று சாப்பிடும்போதே முடிவு செய்துவிட்டேன். துண்டறிக்கையை நீட்டினேன். மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"ஞாயமாத்தான் எழுதிகீற. இன்னொரு நாளைக்கி வாம்மா, பேசலாம்" என்றார்.

அன்று சாயங்காலம் அந்தக் கடையைப் பற்றிச் சொன்னதும் மாரிச்செல்வி பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

"அங்கனதான்க்கா நாங்க விழுந்தது."

அதுவரை அவள் என்னிடம் சொல்லாத கதை. ஓ.டி. பார்க்கிற நாட்களில் கம்பெனி பஸ் கிடைக்காது என்பதால் அவளும் அறைத்தோழி பேச்சியம்மாளும் சேர்ந்து ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார்கள். கார்த்திகையில் ஒரு விடியற்காலை, ஆறு மணி ஷிப்டுக்குப் போகும்போது பனி. மாரிச்செல்வி ஓட்டினாள், பேச்சியம்மாள் பின்னால். நின்றுகொண்டிருந்த டிரெய்லரின் பின்பக்கத்தில் ஒரு விளக்கில்லை, வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு வில்லைகூட இல்லை.

"லாரின்னே தெரியலக்கா. இருட்டு கொஞ்சம் கூட இருக்குன்னுதான் நெனச்சேன். கடைசில ஹேண்டில ஒடிச்சேன், எனக்கு கைல தையலோட போச்சு. அவதான் போய் மோதுனா. இடுப்பெலும்பு. இப்பம் ஊர்ல கெடக்கா. அவ அம்மைதான் எல்லாம் எடுத்துப் போடுதாவ."

அதற்குப் பிறகு அவள் வண்டியைத் தொடவில்லை. ஸ்கூட்டர் கீழே படிக்கட்டுக்கு அடியில் தூசி படிந்து நின்றது. எங்கள் இணையப் பக்கத்தில் அந்த இரண்டு வரியை எழுதியது அந்த வாரத்தில்தான்.

நான்காம் நாள் அவளே ஆள் திரட்டினாள். நான் துண்டறிக்கை கொடுத்துச் செய்ய முடியாததை அவள் சாப்பாட்டு இடைவேளையில் செய்துவிட்டாள். மாலை நாலு மணிக்கு மொட்டைமாடியில், காய்ந்துகொண்டிருந்த சீருடைகளுக்கு நடுவில் பதினான்கு பேர் உட்கார்ந்தார்கள். எல்லோரும் ஒரே லைனில் வேலை செய்கிறவர்கள். கடலூர், தர்மபுரி, தென்காசி, இரண்டு பேர் ஒடிசா. ஒடிசாப் பையன்கள் இந்தியில் பேசியதை, லைனில் பழகிய இந்தியை வைத்து மாரிச்செல்விதான் மொழிபெயர்த்தாள். "இங்க ரோட்டுல செத்தா வீட்டுக்குச் சொல்ல யாருக்கும் நம்பர் தெரியாதுங்கான். குழுவுல எல்லார் வீட்டு நம்பரையும் எழுதி வைக்கணுமாம்." எனக்குத் தோன்றாத யோசனை. முதல் தீர்மானமாக அதையே எழுதினோம்.

இரண்டாவது தீர்மானம், ஒரகடம் சாலையோரம் லாரிகள் நிற்பதற்குத் தனி இடமும், அதுவரைக்கும் அந்த இடத்தில் விளக்கும் கேட்டு மனு. கிளைச் செயலாளராக மாரிச்செல்வியின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் கைதூக்கினார்கள். அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். "வண்டிய இடிச்சவள போய் செயலாளரா போடுதியளே" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஷிப்ட் முடிந்து ஏழெட்டு வண்டிகளில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனோம். மாரிச்செல்வி எனக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தாள். பெரிய வண்டி எதுவும் பக்கத்தில் வந்தால் என் இடுப்பில் அவள் விரல்கள் இறுகும். கரையில் வறுத்த மீன் வாங்கித் தின்றோம். தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. தர்மபுரிப் பையன் பாட்டுப் பாடினான். பாலு அண்ணனுக்குப் போன் போட்டு, "ஒண்ணு ஆச்சுங்ண்ணா" என்றேன்.

ஆறாம் நாள் மத்தியானம் அறைக்குத் திரும்பினேன். ஐந்து பெண்களும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

கம்பெனிக்கு ஆள் கொடுக்கிற காண்ட்ராக்டரிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்திருந்தது. இந்த பேட்ச் முடிந்தது, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வர வேண்டாம், அடையாள அட்டையை ஒப்படைக்கவும், அறைகளைத் திங்கட்கிழமைக்குள் காலி செய்யவும். நாலே வரி.

"நம்ம குழுவுக்காகவா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. அப்படியிருந்தாக்கூட நல்லாயிருக்கும். நம்மள யாரு கவனிச்சா? பதினோரு மாசம் ஆச்சுல்லா, அதான். வருசம் முடிஞ்சா பெர்மனென்ட் கேப்போம்னு மாத்திக்கிட்டே இருப்பாவ."

எனக்கு அந்தப் பதில்தான் அதிகமாக வலித்தது. யாராவது எங்களை எதிர்த்திருந்தால் நான் என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். எதிர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே எதிர்ப்பதற்குக்கூட ஆளில்லை.

குழுவுக்காக ஆரம்பித்த வாட்ஸப்பில் அன்று ராத்திரிக்குள் பெயர்கள் ஒவ்வொன்றாக விலகின. கோபமெல்லாம் இல்லை. ஊர் மாறுகிறவர்கள் பழைய குழுக்களைச் சுத்தம் செய்கிற பழக்கம்தான். மறுநாள் காலை தர்மபுரிப் பையன் மட்டும் பையோடு வந்து சொல்லிவிட்டுப் போனான். ஒடிசாப் பையன்கள் விடியும் முன்பே ரயிலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டு எண்கள் என் நோட்டில் இருந்தன. மாரிச்செல்விக்கு இன்னொரு காண்ட்ராக்டர் மூலம் ஓசூரில் ஒரு வேலை கிடைத்திருந்தது, திங்கட்கிழமை சேர வேண்டும்.

வருகிறவர்கள் தங்கமாட்டார்கள் என்றால் இங்கேயே இருக்கிறவர்களைத்தான் பிடிக்க வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டு மறுபடியும் ஏகாம்பரத்தைப் பார்க்கப் போனேன். மாரிச்செல்வியும் வந்தாள். அவர் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"நீ அந்த ஸ்கூட்டர் பொண்ணுதானே? கூட வந்த பொண்ணு எப்டி கீது?"

அன்றைக்குப் பேச்சியம்மாளைத் தூக்கி ஷேர் ஆட்டோவில் ஏற்றி, மடியில் தலையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் போனவர் அவர்தான். மாரிச்செல்விக்கு அவர் முகம் நினைவில்லை. அவருக்கு அவள் முகம் நினைவிருந்தது.

நான் கேட்டேன். இந்த ஊர்க்காரர் நீங்கள் முன்னால் நின்றால் பஞ்சாயத்தில் மதிப்பார்கள், ஒரு பத்துப் பேரைச் சேர்த்தால் போதும், லாரிகளை இங்கிருந்து எடுக்க வைக்கலாம் என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதம்மா. எங்க நெலம் கம்பெனிக்குப் பூட்ச்சி. புள்ளைக்கி உள்ள வேலன்னாங்க, மூணு வருசம் கொடுத்தாங்க, நிறுத்திட்டாங்க. இப்ப இந்தக் கடதான். இங்க குந்திகினு துன்றவன் யாரு? லாரிக்காரன். பைக்காரன் எவனும் நிக்க மாட்டான், அவனுக்கு பஞ்ச் அடிக்கணும். லாரிங்க பூட்ச்சினா நான் இன்னா பண்ணுவேன்? இந்த லைன்ல கீற கடைக்காரன் எவனக் கேட்டாலும் இதான் சொல்லுவான். வாய் வுட்டு சொல்ல மாட்டான், அவ்ளோதான்."

"அப்ப விழறவங்க?" என்றாள் மாரிச்செல்வி.

அவர் உள்ளே போனார். ஒரு உரச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் அவிழ்த்தார். உடைந்த பக்கக் கண்ணாடிகள். ஒற்றைச் செருப்புகள். டிபன் பாக்ஸ். மூக்குக் கண்ணாடி. கழுத்துப் பட்டையோடு அடையாள அட்டைகள்.

"வந்து கேப்பாங்கன்னு எடுத்து வெப்பேன். எவனும் வர்ல."

மாரிச்செல்வி மண்டியிட்டு அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பேச்சியம்மாளுடையது அதில் இல்லை. மற்றவர்களின் முகங்களைத்தான் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு அட்டையை எடுத்து, "இவன் எங்க லைன்லதான் இருந்தாம்க்கா. சொல்லாம ஊருக்கு ஓடிட்டான்னு சூப்பர்வைசர் ஏசிட்டு இருந்தாரு" என்றாள். அதைத் திரும்பச் சாக்கில் போட அவளுக்குக் கை வரவில்லை. ஏகாம்பரத்தின் மனைவி வந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"மனுல கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் ஏகாம்பரம். "ஆனா லாரி பின்னாடி பளபளன்னு ஸ்டிக்கர் ஒட்றதுன்னா ஒட்டிக்கோ. நான் டிரைவருங்ககிட்ட சொல்றேன்."

ஊரிலிருந்து ஒளிரும் ஸ்டிக்கர் சுருள்கள் கொண்டுவந்திருந்தேன். கூட்டங்களில் கொடுப்பதற்காக. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாங்கள் இருவரும் முதல் டிரெய்லரில் ஆரம்பித்தோம். சேற்றைத் துடைத்து, காயவிட்டு, சிவப்பும் வெள்ளையுமாக ஒட்டினோம். டிரைவர்கள் வண்டியடியில் அடுப்பு வைத்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் இந்தியில் பேசிக்கொண்டதை மாரிச்செல்வி சொன்னாள்: "இந்த ஊர்ல இன்னைக்கு வண்டிக்குப் பூஜை போல, பொம்பளைங்க செய்யணுமாம்ன்னு சொல்லுதான்."

விளக்கையாவது போட்டு வைக்கக்கூடாதா என்று ஒருவரிடம் கேட்கச் சொன்னேன். அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னதை அவள் தமிழில் சொன்னாள். "கம்பெனி உள்ளக் கூப்பிடுத வரைக்கும் இங்கதான் நிக்கணுமாம்க்கா. மூணு நாளாச்சாம். லைட்டப் போட்டு வச்சா பேட்டரி போயிருமாம். நிக்கதுக்கு வேற எடம் சொன்னா இப்பமே போறேங்கான்." எங்களுக்கும் ஆளுக்கொரு ரொட்டி கொடுத்தார். தொட்டுக்கொள்ள வெங்காயமும் பச்சை மிளகாயும்.

இருட்டும் முன் பத்தொன்பது வண்டிகள் முடித்தோம். சாலையில் வந்த ஒரு காரின் வெளிச்சம் பட்டதும் வரிசை முழுவதும் பளிச்சென்று எழுந்தது. மாரிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இம்புட்டுத்தானக்கா. இம்புட்டு வேலதானக்கா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை அவளை ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஸ்கூட்டரை அந்தக் கட்டடத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டாள். மிச்சமிருந்த சுருள்களை ஏகாம்பரத்திடம் கொடுக்கலாமென்று நான் ஒரகடம் சாலைக்குப் போனேன். ஷிப்டுக்கு வருகிறவர்களின் பைக்குகள் சாரை சாரையாக ஓடிக்கொண்டிருந்தன, எல்லாம் புதிய முகங்கள். லாரி வரிசை அப்படியே இருந்தது. பக்கத்தில் போன பிறகுதான் பார்த்தேன். ஒன்றிலும் ஸ்டிக்கர் இல்லை. விடியற்காலையில் அந்த வண்டிகளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். இவை வேறு. பின்பக்கம் சேறு அப்பி, கறுப்பாக நின்றன.

"நேத்து ஒட்டுனது எல்லாம் இப்ப எங்க போய்க்கினு கீதோ" என்றார் ஏகாம்பரம். சுருள்களை வாங்கிக் கல்லாப் பக்கத்தில் வைத்தார். வேளை கிடைக்கும்போது ஒட்டுவதாகச் சொன்னார். அவர் கடையில் அதற்குள் பத்துப் பேர் டீக்குக் காத்திருந்தார்கள்.

அதற்குமேல் அங்கே இருக்க எனக்குத் தெம்பில்லை. மறுநாளே ஊருக்கு வந்துவிட்டேன். பாலு அண்ணனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கிளை ஒன்றுமில்லை என்றேன். அவர் கெட்டவர் இல்லை, பொறுமையாகத்தான் கேட்டார். "சேரி சேரி, மனசு வுடாதீங்க. விதை போட்டிருக்கீங்க" என்றார்.

தை கடைசியில் கோவையில் ஆண்டுக் கூட்டம். இந்த வருடம் தொடங்கிய கிளைகளின் பட்டியலை மேடையில் வாசித்தார்கள். இருங்காட்டுக்கோட்டை. வல்லக்கோட்டை. ஒரகடம். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். பாலு அண்ணன் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கை காட்டினார். நான் எழுந்து நின்றேன். இல்லையென்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த மாவட்டத்தை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பக்கத்து நாற்காலியில் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு அம்மா. புதிதாகச் சேர்ந்தவர். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பத்தே நாள்ல மூணு கிளைங்களா? எப்படிங்க பண்ணுனீங்க? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

"கிளையெல்லாம் இல்லீங்க," என்றேன். "அங்க யாருமே இல்லீங்க. நெசமாத்தானுங் சொல்றேன்."

அவர் சிரித்தார்.

"உங்களுக்கு ரொம்பத்தான் தன்னடக்கமுங்" என்று தோளில் தட்டிவிட்டு, சாப்பாட்டு வரிசை நீள்வதற்குள் எழுந்து போனார்.